செவ்வாய்க்கிழமை தொலைந்த இன்டெக்ஸ்

போன் அலறியது.

அந்தக் காலையில் பதினோராவது தடவை!

பூரணி ரிசீவரைக் காதில் வைப்பதற்குள் மறுமுனையில் நல்லமுத்து கத்த ஆரம்பித்துவிட்டார். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிளாக்கர்.

"பூரணிம்மா! பட்டனை அமுக்கிட்டு நாலு நிமிஷமா குந்தியிருக்கேன்... சுத்திக்கிட்டே இருக்கு! கடைசியில 'முடியல'ன்னு சொல்லிட்டுச் செத்துப் போகுது! இருபத்திரெண்டு குடும்பம்மா... ஒண்ணுகூட ஏறல!"

"வைங்கண்ணே. நான் பாக்குறேன்."

இலங்கை மலையகத்தின் ஹட்டன், 2008. தோட்டத் தொழிலாளர்களுக்கு முந்நூறு வீடு கட்டித் தரும் திட்டத்தின் அலுவலகம். அங்கே கணினி வேலை முழுக்கப் பூரணியின் பொறுப்பு. கிளாக்கர்கள் இணையத்தளத்தில் தங்கள் குடும்பங்களை உறுதி செய்ய வேண்டும். பகல் பன்னிரண்டுக்குப் பட்டியல் மூடப்படும். விடுபட்டவர்களின் வீடு, வரிசையில் அடுத்து நிற்பவனுக்கு.

மணி 10.50!

அந்த இருபத்திரண்டு குடும்பமும், குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் எரிந்ததிலிருந்து பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்துக் கிடந்தன. அதில் ஒன்று பூரணியின் அப்பா வீரய்யாவின் குடும்பம். அழுவதற்கு நேரமில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு ஜெயதீபன் வந்தார். மேலாளர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, முகத்திலும்தான்.

"சேர்வர் பழசு, பிள்ளை. ஒண்டும் செய்யேலாது. பன்னிரண்டுக்கு மூடுவம். மிச்ச ஆக்களை அடுத்த வருசம் பாப்பம்."

"அடுத்த வருஷம் வரைக்கும் அவங்க மண்டபத்துல கெடக்கணுமா, சேர்?"

"கதைக்க வேண்டாம். ஒண்டையும் தொடவும் வேண்டாம்."

அவர் போனார்.

தொடாதே என்றால் தொட்டுப் பார்க்கிற சாதி அவள்!

டேட்டாபேஸுக்குள் நுழைந்தாள். போன வாரம் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்த வேலை, இன்று ஏன் நாலு நிமிஷம்? சேர்வர் ஒரு வாரத்தில் கிழவனாகுமா?

சேர்வரின் மூளை சும்மா இருந்தது. மெமரியில் இடமும் இருந்தது. ஹட்டன் லைனிலும் கோளாறு இல்லை. ஒரே ஒரு தேடல் மட்டும் முக்கிக்கொண்டிருந்தது. 'நீ எப்படித் தேடுகிறாய்?' என்று டேட்டாபேஸிடமே விளக்கம் கேட்டாள்.

பதில் வந்தது.

ஒரு ஆளைக் கண்டுபிடிக்க, மூன்று லட்சம் வரிகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டிருந்தது! குடும்பத்தில் ஏழு பேர் என்றால் ஏழு தடவை!

"இன்டெக்ஸ் எங்கடா?"

செக்ரோல் எனும் தோட்டத்துப் பேர்ப்பட்டியலின் நம்பருக்கு அவளே போட்டிருந்த இன்டெக்ஸ். எந்த நம்பர் எந்த வரியில் என்று உடனே காட்டும் அட்டவணை. ஒரே நம்பரில் இரண்டு பேர் ஏறாமல் தடுக்கும் காவலும் அதுதான்.

இல்லை... காணோம்!

யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்று டேட்டாபேஸ் எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.10. இன்டெக்ஸ் நீக்கப்பட்டது.

நீக்கியவர்: பூரணி!

சத்தியமாக அவளில்லை. ஆனால் அவள் பேரில் நுழையும் பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அவள்...

மணி 11.25.

இன்டெக்ஸை மறுபடி போட்டாள். டேட்டாபேஸ் மறுத்தது. ஒரே நம்பர் இரண்டு பேருக்கு இருக்கிறதாம்! எத்தனை என்று கேட்டாள்.

நாற்பத்தாறு.

பட்டியலைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு, அந்த நிலைமையிலும், சிரித்துவிட்டாள்.

நாற்பத்தாறு வரியையும் தனியாக ஒரு மூலையில் ஒதுக்கி வைத்தாள். இன்டெக்ஸ் கட்டளையைத் தட்டினாள்.

"கையை எடும்!"

வாசலில் ஜெயதீபன். முகத்தில் முதல் தடவையாகச் சுருக்கம்!

"எடுக்கமாட்டேன், சேர்."

"வேலை போயிடும்!"

"போகட்டுங்க. வீடு போகக் கூடாது."

என்டரை அமுக்கினாள்.

இரண்டு நிமிஷம். போன் அலறியது.

"போயிருச்சும்மா!" நல்லமுத்துவின் குரல் உடைந்தது. "அமுக்குன ஒடனே போயிருச்சு! உங்க அப்பா பேரும் ஏறிருச்சு!"

"நிறுத்தாதீங்கண்ணே. மத்தவங்களையும் போடுங்க!"

11.52க்கு இருபத்திரண்டாவது குடும்பமும் ஏறியது. ஜெயதீபன் பதறவில்லை. நிதானமாகத் தன் செல்போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். கொழும்பில் இயக்குநர் ரோகினி.

"மேடம், கள்ளி பிடிபட்டிட்டாள். செவ்வாய்க்கிழமை இவளின்ட பேரில இன்டெக்ஸை அழிச்சு, நாப்பத்தாறு போலிக் குடும்பத்தை ஏத்தியிருக்கிறாள். தகப்பன்ட பேரும் லிஸ்ட்டில. வடிவா விளங்குது தானே?"

"பூரணி... இது உண்மையா?" ரோகினியின் குரல் ஐஸாக இருந்தது.

"நாப்பத்தாறு போலி உண்மைங்க மேடம். ஆனா நான் எத்தனைன்னு சேர்கிட்ட இன்னும் சொல்லவே இல்லையே!"

ஜெயதீபன் அவசரமாகக் கணினிப் பக்கம் கையைக் காட்டினார்.

"நான்... ஸ்கிரீனில பார்த்தனான்!"

"சரிங்க, பாத்தீங்கன்னே வச்சுக்குவோம். மேடம், அந்த நாப்பத்தாறு பேரும் ஆம்பளைங்க. யாரோ நெசமான ஆளுங்களோட நம்பரைக் காப்பியடிச்சு, பேரை மட்டும் மாத்தியிருக்காங்க. வேலைன்னு இருந்ததை அப்படியே விட்டுட்டாங்க."

"என்ன வேலை?"

"கொழுந்து பறிக்கிறது! அம்புட்டுப் பேரும் கொழுந்து கேங்கு!"

பூரணி ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள்.

"எங்க தோட்டத்துக் கொழுந்து கேங்குல எல்லாம் பொம்பளைங்க, மேடம். ஆம்பளை ஞாயித்துக்கிழமை கைக்காசுக்குப் பறிப்பான், அவ்வளவுதான். நான் லயத்துல பொறந்தவ. திருடணும்னு நெனச்சாக்கூட இந்தத் தப்பு எனக்கு வராது! செக்ரோலை ஆபீஸ் மேசையில மட்டும் பாத்தவருக்குத்தான் வரும். பாஸ்வேர்ட் தெரிஞ்சது எனக்கும் சேருக்கும் மட்டுந்தான்!"

"ஜெயதீபன்," ரோகினி மெல்லக் கேட்டார். "அந்த நாப்பத்தாறு பேர் யார்?"

அவர் வாய் திறந்தது. நல்லமுத்துவின் ஸ்கிரீன் மாதிரி உள்ளே ஏதோ சுத்திக்கொண்டே இருந்தது.

"பொலிஸ் வரும்வரை அந்த அறையை விட்டு வெளிக்கிடாதேயும்!"

லைன் துண்டிக்கப்பட்டது. சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு காட்டியது. பட்டியல் மூடியது.

ஜெயதீபன் கதிரையில் சரிந்தார். பூரணி அவருக்கு ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினாள்.

"நாளைக்குக் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு அந்த நாப்பத்தாறு பேரையும் கூட்டிக்கிட்டு வாங்க, சேர்... கொழுந்துக் கூடை நான் வாங்கித் தர்றேன்!"