உமைமாவுக்குப் படித்துக் காட்டிய கருவி

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.05. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் ஆர்டர் பிரிவில் உமைமா தன் மேசை இழுப்பறைக்குள் கையை விட்டுத் துழாவினாள். இடைவேளைக்கு முன் வைத்துவிட்டுப் போன கருவி இல்லை.

தீப்பெட்டி அளவுதான் அது. மூக்குக்கண்ணாடியில் மாட்டிக்கொண்டால், எதிரே இருக்கும் தாளைக் காதுக்குள் படித்துச் சொல்லும். கல்லூரி நாளில் பார்வை போன உமைமா, அதை வைத்துத்தான் ஒரு மாதமாக ஆர்டர்களைக் கணினியில் ஏற்றுகிறாள். அவள் அதில் வைத்திருக்கும் வாசிப்பு வேகம் வேறு யாருக்கும் ஒத்துவராது. குமாஸ்தா ஒவைஸ் ஒருநாள் கேட்டுப் பார்த்து, ஒரு சொல்கூட விளங்காமல் கழற்றிக் கொடுத்துவிட்டான். சோதனை மாதம் இன்றோடு முடிகிறது. நாலு மணிக்கு முதலாளி ஷபீ அஹமது அவளை நிரந்தரமாக்க வேண்டும், இல்லை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஐந்து வருடமாக அவள் ஏங்கிய வேலை இது.

2.40. நாலு மணிக் கூட்டத்துக்காக வேலூரிலிருந்து பிரிசில்லா வந்துசேர்ந்தாள். இத்தகைய கருவிகளைப் பள்ளிகளுக்கும் கம்பெனிகளுக்கும் கொண்டுசேர்ப்பது அவள் உத்தியோகம். துப்பறிவதோ, யாரும் கேட்காமலே அவள் செய்வது.

ஜும்மா தொழுகைக்கான இடைவேளை 12.45 முதல் 2 வரை. அந்தப் பிரிவில் இன்னும் மூன்று பேர்தான். ஒவைஸ் தொழுகைக்குப் போனானாம். பேக்கிங் அன்பரசன் வீட்டுக்குச் சாப்பிடப் போனானாம். மேற்பார்வையாளர் வாஹித் பாஷாவும் தொழுகை என்றார். பேனா, தொப்பி, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் சட்டைப் பையில் திணித்திருக்கும் பெரிய மனிதர். பிரிசில்லா கேட் பதிவேட்டை நீட்டி, அவர் உள்ளே வந்த நேரத்தைக் காட்டச் சொன்னாள்.

"கண்ணாடிய வீட்ல வெச்சிட்டேன்மா. ஒவைஸ் படிப்பான்."

3.10. ஸ்டோரில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் கருவி கிடைத்தது. பக்கத்தில் காலைப் பேப்பர்.

"காலைல உமைமா இங்க வந்துச்சே, அதுதான் வெச்சிட்டு மறந்திருக்கும்" என்றார் கூடவே வந்த முதலாளி. "கண்ணு தெரியாத ஆள வெச்சா இதான் பேஜாரு."

அழுகையை அடக்குவதே உமைமாவுக்குப் பெரும்பாடாக இருந்தது. பிரிசில்லா கருவியைப் பேப்பர் பக்கம் திருப்பிக் கொஞ்சம் கேட்டாள். பிறகு அப்படியே முதலாளியிடம் கொடுத்தாள்.

"புரியுதா சார்?"

"நல்லாவே புரியுதே."

"அப்ப இது உமைமா வெச்ச வேகம் இல்ல."

மேலே அவளே விளக்கினாள். விற்க எடுத்தவன் வேகத்தைக் குறைக்கமாட்டான். பழகாத காது ஒன்று, உட்கார்ந்து படிப்பதற்காகவே எடுத்திருக்கிறது. ஒவைஸும் அன்பரசனும் பேப்பரைக் கண்ணாலேயே படித்துவிடுவார்கள். கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டே வீட்டில் இருப்பதாகச் சொன்னவர் ஒருவர்தான்.

"கண்ணாடி போட்டுக்கினாலும் எழுத்து தெரியல. அதானே பாய்?"

வாஹித் பாஷா பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். ரமலானிலிருந்தே எழுத்து மங்கிவிட்டதாம். வேலை போய்விடும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்று ஜும்மாவைக்கூட விட்டுவிட்டு இங்கே வந்திருந்தார். இடைவேளை முடிந்த மணி அடித்ததும் பயந்துபோய்க் கருவியை ஒளித்துவிட்டார்.

"வேற ஆளு படிச்சா அவங்க இஷ்டத்துக்குப் படிப்பாங்க. எனக்கு வேணும்ன்றத நானே தேடிப் படிக்கணும்னு இருந்துச்சி."

முதலாளி நின்றபடியே உமைமாவின் நிரந்தர வேலை உத்தரவில் கையெழுத்துப் போட்டார். வாஹித் பாஷாவுக்கென்று இன்னொரு கருவிக்கும் ஆர்டர் எழுதச் சொன்னார்.

வாஹித் பாஷா உமைமாவிடம் மன்னிப்புக் கேட்டார்.

"என் வேலையே போயிருக்கும் பாய்" என்றாள் அவள். கோபம் தணியவில்லை.

அவர் தலையாட்டினார். அது அவளுக்குத் தெரியாது என்று உறைத்ததும், மெல்லக் கேட்டார்.

"கண்ணு மொத்தமா போறதுக்குள்ள நான் இத கத்துக்க முடியுமாம்மா?"

"போனப்புறம்தான் பாய் நானே கத்துக்கினேன்."