நாலு காட்டன் புடவை

"இன்னிக்கும் அந்த சிந்தடிக் புடவையா? நிக்காஹ் வூட்டுக்கு இதைக் கட்டிக்கினு வந்தா நாலு பேரு இன்னாடி கேப்பாங்க?"

காலையிலேயே மாமியார் நூர்ஜகான் ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் திருக்கோவிலூரில் கல்யாணம். ஹால் முழுக்க உறவுக்காரர்கள். மருமகள் நிஷாத் டீயை வடிகட்டினாள். பதில் சொல்லத் தெம்பு வேண்டுமே... தூங்கினால்தானே தெம்பு!

"ரம்ஜானுக்கு ரம்ஜான் எடுத்துக் குடுத்தேனே, நாலு காட்டன் புடவை... உங்கம்மா வூட்டுக்கு அனுப்பிட்டியா?"

"இல்ல மாமி..."

"அப்ப எங்க? வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

எதைச் சொல்வது? கொழுந்தனுக்குக் கல்யாணமானபோது, கீழ் அறையை விட்டுக்கொடுத்து மொட்டை மாடித் தகர ஷீட்டு அறைக்குப் போனவளே அவள்தான். "ஃபேன் போட்டா தீந்துது" என்றான் கணவன் பைரோஸ். வெயில் இப்படி ஏறும் என்று யார் கண்டது! மார்ச்சிலேயே ஆறு வயது மகள் ஃபரீனுக்கு நீர்க்கடுப்பு, மூக்கில் ரத்தம். போன வாரம் மயங்கி விழுந்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். "இப்பல்லாம் வெயில்ல நெறைய புள்ளைங்க சுருண்டு வருதுங்கம்மா. இன்னொரு தடவை ஆச்சுன்னா உசுருக்கே ஆபத்து" என்றார் டாக்டரம்மா. அறையைத் திருப்பிக் கேட்டால், ஏழு மாத வயிற்றோடு ஓரகத்தி எங்கே போவாள்? நிஷாத் கேட்கவில்லை.

மத்தியானம் வரை மாமியார் அடங்கவில்லை. "நானே பீரோவைப் பாக்கறேன்!" என்று, முழங்கால் வலியால் இரண்டு வருஷமாக ஏறாத படிகளில் ஏறினாள். நிஷாத் பின்னாலேயே ஓடினாள்.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. கூரைக்கடியில் கயிறு கட்டி, நனைத்துப் போட்ட நாலு காட்டன் புடவைகள்! அவற்றின் கீழே வெறுந்தரையில் ஃபரீன்.

"அம்மா... மஞ்சப் புடவை காஞ்சிருச்சு" என்றாள் குழந்தை, கண்ணைத் திறக்காமலே.

நிஷாத் பழக்கத்தில் அதை இழுத்து வாளியில் நனைத்து மறுபடி போட்டாள்.

"எத்தினி நாளா?"

"மார்ச்சுலருந்து, மாமி. அரை மணிக்கொரு தடவை... ராத்திரியும்."

"ஏன்டி சொல்லல?"

"நான்தான மாமி மேல போறேன்னு சொன்னேன்..."

"யா அல்லாஹ்! அத்தினி பேரு முன்னால உன்னைத் திருடின்னு சொல்லாத கொறையாப் பேசினேனே!" நூர்ஜகான் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நிஷாத்துக்கு அழுகை வரவில்லை. அந்தத் தோளில் சாய்ந்ததும் தூக்கம்தான் வந்தது.

"புள்ளையத் தூக்கு. இனிமே ரெண்டு பேரும் என் ரூம்லதான்."

"நீங்க எங்க மாமி படுப்பீங்க?"

"நான் ஹால்ல கெடக்கறேன்!"

கீழேயும் வெக்கைதான். கல்யாணத்துக்கென்று கஞ்சி போட்டு வைத்திருந்த தன் காட்டன் புடவையை நூர்ஜகான் வாளியில் முக்கினாள், பிழிந்தாள், குழந்தையின் தலைமாட்டு ஜன்னலில் கட்டினாள்.

"ஐயோ மாமி, இன்னாத்தக் கட்டிக்கினு போவீங்க?"

"உன் சிந்தடிக் ஒண்ணு குடு."

"நாலு பேரு கேப்பாங்களே..."

"கேக்கட்டும்டி. நான் பதில் சொல்லிக்கறேன். நீ மொதல்ல தூங்கு."

மே மாதம் இன்னும் முழுசாக மிச்சமிருந்தது. நிஷாத் மகளருகே படுத்தாள்.