தன்பங்கு

மாரப்பனின் தலையிலிருந்து கவசத்தைக் கழற்றியபோது அவன் முடியெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. தன் தங்கையைச் சாதி மீறி மணந்த ஜெயசீலனை அவன் வெட்டிக் கொன்ற காலையை மூலமானி என்ற கருவி அவன் மூளைக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருந்தது. அரிவாளை எடுத்தது, பட்டறைக்குப் போனது, ஓங்கியது என்று ஒவ்வொரு செயலுக்கும் பின்னால் இருந்த எண்ணத்தை நூல் நூலாகப் பிரித்து, எந்த நூல் எங்கிருந்து வந்தது என்று அது தேடும். தாலாட்டில் வந்ததா, அப்பன் வாயிலிருந்து வந்ததா, கோயில் கூட்டத்தில் கேட்டதா, கைபேசியில் பார்த்ததா என்று சொல்லிவிடும். வெளியிலிருந்து வராமல் அவனுக்குள்ளேயே முளைத்தது எவ்வளவோ, அதற்குப் பெயர் தன்பங்கு.

“தன்பங்கு நூற்றுக்கு ஆறு,” என்று நீதிமன்றத்தில் வாசித்தார் நீதிபதி. “மனப்பொறுப்புச் சட்டப்படி, முப்பதுக்குக் கீழே உள்ள ஒருவரைத் தண்டிக்க முடியாது. இந்தக் கொலையை இவர் செய்யவில்லை. இவர் வழியாகச் செய்யப்பட்டிருக்கிறது. விடுதலை.”

பின்வரிசையில் உறவுக்கூட்டம் ஆரவாரம் செய்தது. மாரப்பனின் அப்பா குழந்தைவேலு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தூண்டிய வழக்கில் அவரையும் முந்தின நாள்தான் விட்டிருந்தார்கள். அவருடைய தன்பங்கு நான்கு.

எதிர்ப்பக்கத்தில் தங்கை கோகிலவாணி எழுந்து நின்றாள். தாலி கழற்றிய கழுத்து வெறுமையாக இருந்தது.

“இவரும் கொல்லலைங்க, எங்கப்பாவும் கொல்லலைங்க. அப்ப என்ற வீட்டுக்காரரக் கொன்னது யாருங்க?”

நீதிபதி கெட்டவர் இல்லை. பதில் தேடுகிறவர்போல முன்னால் இருந்த திரையைப் புரட்டினார்.

“அந்தக் கேள்விக்கு இந்தச் சட்டத்தில் இடம் இல்லையம்மா,” என்றார்.

ஊரில் வெடி வெடித்து, கிடா வெட்டி விருந்து வைத்தார்கள். மாரப்பனுக்கு மாலை விழுந்தது. பெரியவர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். இலையில் விழுந்த கறியை அவனால் வாயில் வைக்க முடியவில்லை. யாரோ செய்ததற்குத் தனக்கு மாலை போடுவதுபோல இருந்தது. ஆனால் வெட்டும்போது அதிர்ந்தது தன் கைதானே என்றும் இருந்தது.

சில நாள் கழித்து, மஞ்சள் பயிருக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மூலமானிக் கூடத்துக்குப் போனான். அவனைச் சோதித்த பர்வீன் அங்கே தனியாக இருந்தாள். சோதிக்கப்பட்டவர்கள் அங்கே திரும்பி வருவதே இல்லை. அவளுக்கு வியப்பாக இருந்தது.

“ஒண்ணு கேக்கோணுங்க. அந்த ஆறு சொன்னீங்களே, அது என்னதுங்க? வெட்டச் சொன்னதுல ஆறு பங்கு என்னுதுங்களா?”

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். கோடுகளெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓட, மெல்லிய ஒற்றைக் கோடு மட்டும் எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது.

“வெட்டச் சொன்னதுல உங்களுது எதுவும் இல்லைங்க. இந்த ஆறு, வேண்டாம்னு சொன்னது. கோர்ட்டுல எவ்வளவுன்னுதான் கேப்பாங்க. எந்தப் பக்கம்னு யாரும் கேக்கறதில்ல.”

மாரப்பனுக்கு அந்த இடம் நினைவுக்கு வந்தது. பட்டறையில் ஜெயசீலன் மோட்டாருக்கு அடியிலிருந்து எழுந்து, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, “வாங்க மச்சான், சாப்டீங்களா?” என்றான். அவன் சிரிப்பில் பயம் இருந்தது, ஆனாலும் உண்மையாகத்தான் கேட்டான். அப்போது ஓங்கிய கை ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணம்தான் மாரப்பன். மற்றதெல்லாம் மற்றவர்கள்.

கூடத்து வாசற்படியில் உட்கார்ந்து அவன் அழுதான்.

அதன்பிறகு அவனுக்கு ஒரு பழக்கம் வந்தது. மனதில் எது தோன்றினாலும், இது யார் குரல் என்று கேட்டுப் பார்ப்பான். தேநீர்க் கடையில் ஒருவனுக்குத் தனிக் குவளை கொடுக்கும்போது சரிதானே என்று தோன்றினால், அது அத்தையின் குரல். பொண்ணுக்கு எதுக்கு இவ்வளவு வாய் என்று தோன்றினால், அது அப்பாவின் குரல். ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் காலியாகத்தான் இருந்தது. காலி வீட்டில் தனியாக நிற்பதுபோல அவனுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் அவன் விடவில்லை.

கோகிலவாணி கர்ப்பமாக இருக்கிறாள் என்ற செய்தி மழைக்காலம் தொடங்கும்போது ஊருக்கு வந்தது.

குழந்தைவேலு அன்று மாலை மகனைக் களத்துக்குக் கூப்பிட்டார். “அந்த வயித்துல இருக்கறது நாளைக்கு வந்து நம்ம வாசல்ல நிக்கும். அதுக்கு முந்தி முடிச்சரோணும்.”

“அப்பா, அவ நம்ம கோகிலா.”

“அதனாலதான்டா சொல்றேன். உனக்கு ஆறு, எனக்கு நாலு. சட்டமே நம்மளக் கும்புட்டு அனுப்புதே, அப்பறம் என்ன பயம்?” அவர் குரலில் கோபமே இல்லை. காளைக்கு லாடம் அடிப்பதைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார். “ஊருல பசங்களப் பள்ளிக்கூடத்துல கேள்வி கேக்கப் பழக்கற கேள்வி வகுப்புக்கு அனுப்ப வேண்டாம்னு பேசி வெச்சிருக்கறோம். யோசிக்கப் பழகிட்டா எண்ணு ஏறிருமாம்.”

“நான் போக மாட்டனுங்க.”

அப்பாவிடம் அவன் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. குழந்தைவேலு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“சரி. வெள்ளிக்கெழம காத்தால நானே போறேன்.”

மாரப்பன் காவல் நிலையத்துக்குப் போனான். ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கையை விரித்தார். “தன்பங்கு நாலுங்கறீங்க. அவர் திட்டம் போட்டாருன்னே சட்டப்படி சொல்ல முடியாதுங்க. நடந்தா வாங்க.” தங்கையைக் கைபேசியில் அழைத்தான். அவள் அவனைப் பேச விட்டு, கடைசியில் ஒன்றுதான் சொன்னாள். “எங்க போகச் சொல்றீங்க? எங்க போனாலும் நீங்க யாராவது வருவீங்க.” தொடர்பு அறுந்தது.

வெள்ளிக்கிழமை காலை குழந்தைவேலு குளித்து, திருநீறு பூசி, இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தார். மாரப்பன் வாசல் கதவைச் சாத்தி முன்னால் நின்றான். கையில் கடப்பாரை இருந்தது.

“தள்ளுடா.”

“வேண்டாங்கப்பா. எறங்குங்க.”

“பெத்தவன அடிப்பியா நீ?”

மாரப்பன் அந்தக் கணத்திலும் உள்ளே கேட்டுப் பார்த்தான். அப்பாவை அடிக்காதே என்று அத்தை சொன்னாள், கோயில் சொன்னது, ஊர் சொன்னது. எல்லாக் குரல்களும் ஒரே பக்கம் நின்றன. அவற்றில் எதுவும் பொய் சொல்லவில்லை. அவன் அவற்றையெல்லாம் கேட்டான். வண்டி நகர்ந்தது. அவன் அடித்தான்.

உயிர் பிரிந்த அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தபோதுதான் ஊர் ஓடி வந்தது.

இந்தமுறை மூலமானிக்கு நேரம் பிடித்தது. எண்ணத்தின் நூலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குரலாகத் தேடியது. எல்லாக் குரல்களும் எதிர்ப்பக்கம் இழுத்தன. கடைசியில் எண் வந்தது. தொண்ணூற்றொன்று. பர்வீன் கவசத்தைக் கழற்றும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “நான் இதுவரைக்கும் இவ்வளவு பாத்ததில்லைங்க,” என்று மட்டும் முணுமுணுத்தாள்.

அவனுக்காக வாதாட வந்த சம்பூர்ணம் நடுத்தர வயதுக்காரர். விசாரணைக் கைதிகளை வைக்கும் காவலறைக்குக் கோகிலவாணியையும் அழைத்து வந்திருந்தார். அவள் மடியில் பிறந்து சில வாரமே ஆன குழந்தை தூங்கியது.

“தங்கச்சி வீடு பல மைல் தள்ளி இருக்கு. ஆபத்து கண் முன்னால இல்ல, அதனால தற்காப்புன்னு வாதாட முடியாது. ஒரே வழிதான் இருக்கு,” என்றார் சம்பூர்ணம். “இந்த எண்ணத்த உங்க மனசுல போட்டது நான்தான்னு யாராவது சத்தியம் பண்ணினா மறுசோதனை உண்டு. குறிப்புக் குடுத்துத் தேடச் சொன்னா மூலமானி எப்படியாவது கண்டுபிடிச்சிரும். இல்லாததக்கூடக் கண்டுபிடிக்கும். எண் முப்பதுக்குக் கீழ வந்துரும், நீங்க வீட்டுக்குப் போகலாம்.”

கோகிலவாணி அவனை நேராகப் பார்த்தாள். “நான் சொல்றேன். போன்ல அழுதேன், அப்பாவத் தடுங்கன்னு கெஞ்சுனேன்னு சொல்றேன். மன்னிச்சுட்டேன்னு நெனைக்க வேண்டாம். என்ற வீட்டுக்காரர் முகத்த நான் மறக்கல. ஆனா இந்தக் குழந்தை உசுரோட இருக்குது. அதுக்காகச் சொல்றேன்.”

“நீ கேக்கலையே அம்மிணி.”

“கேக்கல.”

“அப்பறம் எப்புடி?” மாரப்பன் குழந்தையின் மூடிய கண்களைப் பார்த்தான். “உன்ற வீட்டுக்காரர வெட்டுனது நானில்லைன்னு உட்டுட்டாங்க. அப்பாவ அடிச்சதும் நானில்லைன்னா, நான்னு ஒருத்தன் எங்கதான் இருக்கறது? அடிச்சது பாவம்தான். வேற வழி இருந்துச்சா, எனக்குத் தெரியல. இருந்திருக்கலாம். ஆனா என்ற பாவம். அத யாருக்கும் குடுக்க மாட்டேன்.”

சம்பூர்ணம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோகிலவாணி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். போகும்போது குழந்தையை ஒரு கணம் கம்பிக்கு அருகில் தூக்கிக் காட்டினாள். அதன் பெயரை அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

முழு மனத்தோடு செய்த குற்றத்துக்கு முழுத் தண்டனை. ஆயுள் முடியும்வரை சிறை. தீர்ப்பு வந்த வாரத்தில், அவன் ஊரில் மிச்சமிருந்த பிள்ளைகளையும் கேள்வி வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மனப்பொறுப்புச் சட்டம் வந்தபின் மாநிலத்துச் சிறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, கடலோர உப்பளங்களுக்கு நடுவே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதையே அரசு பெருமையாகச் சொல்லிக்கொண்டது. மாரப்பன் உள்ளே நுழைந்தபோது முற்றத்தில் சத்தமாக இருந்தது. சண்டை என்று நினைத்தான். சண்டை இல்லை. முந்தின நாள் ஒரு கைதி இறந்திருந்தான். உறவென்று யாருமில்லை. எரிப்பதா, புதைப்பதா என்று முடிவெடுப்பதைச் சிறைக்காரர்கள் கைதிகளிடமே விட்டிருந்தார்கள். பணத்துக்காக நோயாளிகளைக் கொன்ற டாக்டர் ஒருவர் அங்கே இருந்தார். யாரும் சொல்லாமல் தானாகத் தேரைக் கொளுத்தியவன் இருந்தான். வங்கிப் பணத்தைச் சுருட்டியவனும் இருந்தான். நல்லவர்கள் என்று சொல்ல முடியாவிட்டாலும், தன்பங்கு ஏறியதாலேயே உள்ளே வந்த அவர்கள், வெள்ளைத் துணி போர்த்திய உடலைச் சுற்றி நின்று ஒருவர் சொன்னதை ஒருவர் மறுத்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் நின்ற காவலர்கள் புரியாமல் பார்த்தார்கள். வெளியே எந்த ஊரிலும் எந்தக் கூட்டத்திலும் மனிதர்கள் அப்படிப் பேசி மாரப்பன் கேட்டதில்லை.

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

“புதுசா வந்தவரே, நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

பிறந்ததிலிருந்து அவனை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை.

விடை உடனே வந்தது. எரிக்கோணும், நம்ம வழக்கம் அதுதான். அது அப்பாவின் குரல், கடப்பாரை விழுவதற்கு முன்னால் வாசலில் கேட்ட அதே குரல். மாரப்பன் அதைக் கடந்துபோக விட்டான். அடுத்ததும் வேறு யாருடையதோ. அதையும் விட்டான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. துணியின் மேல் ஈக்கள் உட்காரத் தொடங்கின. யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. முகம் தெரியாத அந்தப் பிணத்தின் முன்னால் நின்றுகொண்டு அவன் யோசிக்கத் தொடங்கினான்.