மறுநாளுக்குப் போகாதவள்

மத்தியானத் தூறலில் நனைந்துகொண்டே மெக்கானிக் அந்த வீட்டுப் படியேறினான். கதவைத் திறந்த அம்மாளுக்குக் கண் இமைகள் வீங்கியிருந்தன. மகளுடைய பழைய கம்ப்யூட்டர், அணைத்துப் போட்டால் தேதி பின்னால் போய்விடுகிறது என்றாள்.

மகளின் அறை சாத்தியே கிடந்தது. உள்ளே ஈரக் கூந்தல் வாசனை.

அவனுக்கு இது தினப்படி வேலை. காசு அளவில் உள்ளே ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். மூடியைக் கழற்றி மீட்டரை வைத்தான். முள் அசையவில்லை. பேட்டரி செத்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து, தீர்ந்துவிட்டது என்றான்.

புதுசு போட்டுத் தேதியைத் திருத்தினான். பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து மறுபடி செருகினான்.

தேதி பழையபடி போயிருந்தது.

போனால் மிஷின் செய்த வருஷத்துக்கல்லவா போகவேண்டும்? இதுவோ போன வருஷத்து ஏதோ ஒரு நாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் புதுப் பேட்டரியை வெளியே எடுத்தான். விரல் விறைத்தது, அவ்வளவு குளிர்ச்சி. அதுவும் காலி.

அந்தத் தேதி என்ன நாள் என்று கேட்டான். அன்று பூரா மகள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாளாம். மறுநாள் யாரோ ஒருவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனவள் உயிரோடு திரும்பவில்லை.

கீபோர்டில் ஒரு தட்டல்.

யாரும் தொடவில்லை.

பிளக் அவன் கையில் இருந்தது.

"பயப்படாதீங்க தம்பி," அம்மாள் கிசுகிசுத்தாள். "அவ யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டா. மறுநாளுக்குப் போக மாட்டேங்கிறா, அவ்வளவுதான்."

இந்த ஒரு வருஷமும் மகள் கூடவே இருப்பது தனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது என்றாள் அவள். இப்போதெல்லாம் அறைக்குள் அழுகைச் சத்தம் கேட்கிறது. பிள்ளையைப் பிடித்துவைத்துக்கொண்டு அழவிட மனசு கேட்கவில்லை. அதனால்தான் அவனைக் கூப்பிட்டாள்.

அவனிடமிருந்து இன்னொரு பேட்டரியை வாங்கித் தன் கையாலேயே பொருத்தினாள்.

"போடா கண்ணு. அம்மா அழமாட்டேன்."

அவன் தேதியைத் திருத்தி, பிளக்கைப் பிடுங்கி, மறுபடி போட்டுப் பார்த்தான். இன்றைய தேதி, அப்படியே நின்றது.

அவள் அந்த நாற்காலியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து தன் ஸ்கூட்டரைக் கிளப்பினான். பின் சீட் மெல்ல அமிழ்ந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"மெதுவா போங்கண்ணா," என்றது காதருகே ஒரு பெண் குரல்.