மேல்மடுவில் புளோரா வீசிய தூண்டில்

“இன்னிக்கு மேல்மடுவுக்குப் போறோம்! நீ வரலைன்னா நான் தனியாப் போயிருவேன்” என்றாள் புளோரா.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நோய் வந்து அக்காவின் பார்வை போய் ஒரு வருடமாகிறது. அன்றிலிருந்து வாசற்படி தாண்டாதவள், அருவிக்கு மேலே இருக்கும் மடுவில் டிரவுட் மீன் பிடிக்கப் போகிறாளாம்! கோடை தொடங்கி, நீலகிரி ஆறுகள் தெளிந்திருந்த நேரம். அந்த மடுவில் யாருக்கும் சிக்காத பெரிய மீன் ஒன்று இருப்பதாக ஊரே பேசியது.

“சரிக்கா, வா. ஆனா என் பையைப் பிடிச்சுக்கிட்டேதான் வரணும்.”

சோலைக்காட்டுக்குள் பாதை செங்குத்தாக ஏறியது. “வேர் இருக்கு, காலைத் தூக்கு! கிளை, குனி!” என்று வழி முழுக்கக் கூவிக்கொண்டே போனாள் ஜெசிந்தா. அருவியோரப் பாறை வழுக்கியது. இருவரும் தவழ்ந்தே ஏறினார்கள். உச்சியை அடைந்தபோது புளோராவின் முழங்காலில் ரத்தம் கசிந்தது. முகமோ மலர்ந்திருந்தது.

இறகைச் சுற்றி ஈயைப் போலக் கட்டிய கொக்கியை, விரலால் தடவித் தடவி, பழைய பழக்கத்தில் அவளே தூண்டில் நூலில் முடிந்தாள். முதல் வீச்சு மரக்கிளையில் மாட்டியது. அடுத்தது ஜெசிந்தாவின் தொப்பியில்!

“மீனைப் பிடி அக்கா, என்னை இல்ல!”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திடீரென்று புளோரா கையை உயர்த்தினாள்.

“உஷ்! எதிர்க்கரையில ‘சளப்’புன்னு கேட்டுச்சா? மேல வந்து இரை எடுக்குது!”

சத்தம் வந்த திக்கில் வீசினாள். இறகு ஈ தண்ணீரில் பூப்போல இறங்கியது. மறுகணம் நீர் சிதறியது! தூண்டில் கோல் வில்லாய் வளைந்தது. நூல் சுற்றிய ரீல் அலறிச் சுழன்றது. மீன் அருவியின் விளிம்பை நோக்கிப் பாய, அதன் இழுப்போடு புளோராவும் ஆற்றுக்குள் இறங்கிவிட்டாள். இடுப்பளவு நீர், எலும்பைக் குத்தும் குளிர்!

“ஐயோ அக்கா! கோலை என்கிட்டக் குடு!” ஜெசிந்தாவும் குதித்தாள்.

“மாட்டேன்! கோலைத் தொடாத ஜெசி, என்னைப் பிடிச்சுக்கோ!”

ஜெசிந்தாவின் கை அதற்குள் கோலை நோக்கி நீண்டிருந்தது. ஒரு வருடமாக அக்காவுக்குத் தலை வாரி, சோறு பிசைந்து கொடுத்துப் பழகிய கை. அவள் அதைப் பின்னுக்கு இழுத்தாள். பாறையில் காலை ஊன்றி, அக்காவின் இடுப்பை இறுகக் கட்டிக்கொண்டாள்.

புளோரா இழுத்தாள், விட்டுக்கொடுத்தாள், மறுபடி இழுத்தாள். கடைசியில் மீன் களைத்து வந்து, புளோரா முதுகிலிருந்து எடுத்து நீட்டிய கைவலைக்குள் சாய்ந்தது. ஈரக் கையால் அதை மெல்ல வருடினாள்.

“எப்படியிருக்கு, சொல்லு.”

“முதுகு பாசிப் பச்சை. உடம்பெல்லாம் மிளகு தூவின மாதிரி புள்ளி. பக்கவாட்டுல ரோஸ் கலர்ல ஒரு கோடு…” ஜெசிந்தா இன்னும் குனிந்து பார்த்தாள். “அழகா இருக்குக்கா.”

புளோரா கொக்கியைக் கழற்றி, மீனை நீருக்குள் சற்று நேரம் தாங்கிப் பிடித்து, விரல்களைத் திறந்தாள். வாலால் ஒரு அடி! போயே போய்விட்டது.

அடிவாரத்துக்கு அவர்கள் இறங்கியபோது, தேடிக்கொண்டு வந்த அப்பா எதிரே ஓடிவந்தார். புளோரா சொட்டச் சொட்ட நனைந்திருப்பதைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. “என்ன ஜெசி இது! அக்காவைத் தண்ணியில விட்டுட்டியா?”

“அவ விடலைப்பா” என்றாள் புளோரா, தங்கையின் தோளில் கையைப் போட்டு. “என்னைப் பிடிக்க வேண்டிய இடத்துல சரியாப் பிடிச்சா.”