ஊதா மூடி

டெலிபோன் அலறியது!

"டாக்டர்! மத்தியானம் இறந்தாரே நாலாம் பெட் பேஷன்ட்... அது விஷயமா சீஃப் உங்களை உடனே ரூமுக்கு வரச் சொல்றாரு!"

விரித்திருந்த தடிமனான பரீட்சை கைடை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினாள், தீவிர சிகிச்சைப் பிரிவின் ஜூனியர் டாக்டர். ஸ்பெஷலிஸ்ட் எழுத்துத் தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியவள். மூன்றாவதும் கடைசியுமான வாய்ப்பு... நாளைக் காலை!

சீஃப் டாக்டரின் அறையில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர்.

"ரத்தத்துல பொட்டாசியம் ஒன்பது!" சீஃப் லேப் ரிப்போர்ட்டை ஆட்டினார். "நீ ஏத்தின பொட்டாசியம் ட்ரிப்தான் ஆளைக் கொன்னுருக்கு. ட்யூட்டில பரீட்சைக்குப் படிச்சா இப்படித்தான். தப்பு உன்னோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு!"

"பரீட்சை?"

"கம்பி எண்ணப் போறவளுக்குப் பரீட்சை எதுக்கு?"

பயத்தைவிடக் கோபம் ஒரு பிடி அதிகமாகவே இருந்தது.

"முடியாது, சார்!"

"என்னது?!"

"பொட்டாசியம் ஒன்பதுன்னா ஹார்ட் மானிட்டர்ல கோடு கூடாரம் மாதிரி எழும்பும். கடைசி வரைக்கும் பார்த்துட்டே இருந்தேன், எழும்பலை!"

சீஃபின் போனையே எடுத்தாள். லேப்பை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, நாலாம் பெட் ரத்தம் மிச்சம் இருக்கா? அதுலயே கால்சியம் பாருங்க!"

ஐந்து நிமிடம். சீஃபுக்கு மட்டும் ஏசியிலும் வியர்த்தது.

"டாக்டரம்மா... கால்சியம் கிட்டத்தட்ட பூஜ்யம்! கூட வந்த ஊதா மூடி ட்யூப்லயும் ரத்தம் கால்வாசிதான் இருந்துச்சு!"

"டெஸ்ட் சீட்டுல நான் பொட்டாசியம் மட்டும்தானே எழுதினேன்!" சீஃப் கத்தினார். "கால்சியத்தை எதுக்குப் பார்த்தீங்க?"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"ரத்தம் எடுத்தது நீங்களா, சார்?"

"அவரேதான்!" என்றாள். "ஊதா மூடி ட்யூப்ல ரத்தம் உறையாம இருக்கப் பொட்டாசியம் உப்பு இருக்கும். அது கால்சியத்தை முழுங்கிடும். அந்த ரத்தத்தை பொட்டாசியம் பார்க்கிற ட்யூப்ல ஊத்தியிருக்காரு, இன்ஸ்பெக்டர்!"

சீஃப் நாற்காலியில் சரிந்தார்.

"கழுத்துல ஊசி ஏத்தறப்ப... என் கை தவறி... நுரையீரல்ல குத்திடுச்சு... முப்பது வருஷப் பேரு..."

"அதைக் காப்பாத்த என் தலையா கிடைச்சுது?"

"இ... இந்த ஊதா ட்யூப் விஷயமெல்லாம் உனக்கு எவன் சொல்லிக் கொடுத்தான்?"

அவள் கைடை மேஜையில் வைத்தாள். அட்டையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்... சீஃப்!

"கேள்வி நூத்திப் பன்னண்டு. என்ன சார், புக் எழுதினவருக்கே அரியர் விழுந்திருச்சே!"