காற்றெடுத்த பிறேக்

சியாமளாவைப் பார்க்க வருகிறவர்கள் கதவைத் தட்டிவிட்டு நிற்பார்கள். அந்த ஞாயிறு காலை கமலநாயகி தட்டவுமில்லை, நிற்கவுமில்லை.

"அக்கா, என்ரை தம்பியைப் பற்றிப் பொலிசிலை எழுதிக் குடுத்திருக்கிறார் அந்த மனிசன். இது என்ன அநியாயம் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

சியாமளா மதுரைக்காரி. ஜெர்மனியில் வுப்பர்டால் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் ஆராய்ச்சி செய்ய வந்து, அந்த 1987ஆம் ஆண்டோடு மூன்று வருடமாகிறது. "உட்காருங்க கமலா. முதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள். கோபமாக வருகிறவர்களிடம் அவள் கோபப்பட மாட்டாள். கமலநாயகிக்கு அதைப் பார்த்தே இன்னும் கொஞ்சம் ஏறும்.

நடந்தது இதுதான். கமலநாயகியின் தம்பி விமலநாதன் அகதி விடுதியில் இருக்கிறான். ஊரில் கராச்சில் கார் பழுதுபார்க்கும் வேலை செய்தவன். இங்கே வேலை செய்ய அவனுக்கு அனுமதி கிடையாது. ஆனால் ஸ்ரீஸ்கந்தராஜா கேட்டார். அவர் எல்லோருக்கும் முன்பே ஜெர்மனிக்கு வந்தவர். அலுவலகமோ ஆஸ்பத்திரியோ, அங்கத்தைய மொழியான டொச்சில் பேசிக் கொடுக்க அவர்தான் வரவேண்டும். அப்படிப்பட்டவர், "தம்பி, என்ரை காருக்குப் பிறேக் காற்றெடுத்துத் தாரும்" என்றால் எந்த அகதி மாட்டேன் என்பான்? பிரேக் குழாய்களில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றி, புதுத் திரவம் ஊற்றிக் கொடுத்தான். ஒரு வாரம் கழித்து, மலைச்சரிவில் பிரேக் பிடிக்காமல் கார் மதிலில் போய் மோதியது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி பாலாம்பிகைக்குக் கை முறிந்தது. உடனே மனிதர் பொலிசுக்குப் போய், அனுமதியில்லாமல் வேலை செய்தான், பிரேக்கைக் கெடுத்தான் என்று முறைப்பாடு கொடுத்துவிட்டார்.

"அவன்ரை அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. இதைக் காட்டித் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள் அக்கா. அங்கை போனால் அவன் உயிரோடை இருக்கமாட்டான்."

"காத்து எடுக்கும்போது பெடலை மிதிச்சது யாரு?"

"நான்தான். அது வழமையான பிறேக் இல்லையாம். பிறேக் பிடிக்கேக்கை கார்ச் சில்லு உருளாமல் இறுகி வழுக்காமல் பார்க்கிற ஏ.பி.எஸ். அதுக்குள்ளை ஒரு பம்ப் பிறேக் ஒயிலை அமுக்கி வைச்சிருக்குமாம். காரை நிப்பாட்டிப்போட்டு, பெடல் கல்லு மாதிரி ஆகுமட்டும் மிதி எண்டவன். அமுக்கம் இறங்கினாப் பிறகுதான் சில்லிலை கை வைச்சவன். குழாயிலை ஒரு குமிழியும் வராமல் போகுமட்டும் விடேல்லை."

"முறை சரிதான். எழுந்திருங்க, போகலாம்." சியாமளா அலமாரியிலிருந்து ஒரு சொட்டுக்குழாயை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஸ்ரீஸ்கந்தராஜாவின் வீட்டு முற்றத்தில் கார் மூக்கு நசுங்கி நின்றது. அவர்கள் கூட்டி வந்த விமலநாதன் வாசலிலேயே நின்றுகொண்டான். பாலாம்பிகை கட்டுப்போட்ட கையோடு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"இவன் காற்றை உள்ளுக்கை விட்டிட்டான், வேறை என்ன?" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"இருக்கலாம் சார். ஆனா அவர் ஊத்தின பிரேக் ஃப்ளூயிடே மட்டமா இருந்தா?"

"அதெப்படி? சீல் உடைக்காத டின், நானே வாங்கினது. மிச்சம் உள்ளுக்கை இருக்கு. தொடக்கத்திலை இருந்து முடியுமட்டும் நான் பக்கத்திலை நிண்டனான். அந்த டின்னைத் தவிர வேறை ஒண்டும் அவன் ஊத்தேல்லை. இந்தப் பொடியங்களை நம்பேலாது."

"அதுக்கப்புறம் பானெட்டை யாராவது திறந்தாங்களா?"

"ஒருத்தரும் திறக்கேல்லை. நானும் கை வைக்கேல்லை. பொலிசுக்குக் காட்ட அப்பிடியே வைச்சிருக்கிறன்."

கமலநாயகி வாய் திறக்கப் போனாள். சியாமளா அவள் கையை அமுக்கினாள். "ரொம்ப நல்லது. ரெண்டு டம்ளர் தண்ணியும் அந்த டின்னும் வேணும்."

டின்னில் இருந்ததைச் சொட்டுக்குழாயால் எடுத்து முதல் டம்ளரில் விட்டாள். தண்ணீரோடு கலந்து காணாமல் போயிற்று. பிறகு காரின் பானெட்டுக்குள் பிரேக் திரவம் இருக்கும் குப்பியின் மூடியைத் திறந்தாள். மூடிக்கு அடியில் இருந்த ரப்பர், ஊறின உளுந்து போல வீங்கியிருந்தது. குப்பியிலிருந்து எடுத்ததை இரண்டாவது டம்ளரில் விட்டுக் கலக்கிவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்கு மேலே சிவப்பாக ஓர் எண்ணெய்ப் படலம் திரண்டு நின்றது.

"பிரேக் ஃப்ளூயிட் தண்ணியில கரையும். எண்ணெய் மிதக்கும். இந்த சிவப்பு, ஸ்டியரிங்குக்கு ஊத்துற எண்ணெய். பிரேக்குக்குள்ள போனா ரப்பர் எல்லாம் ஊதி, பம்பும் வால்வும் மாட்டிக்கும். விமலநாதன் இதை ஊத்தலைன்னு சொன்னது நீங்கதான். அதுக்கப்புறம் யாரும் திறக்கலைன்னு சொன்னதும் நீங்கதான். வேற யாரும் இல்லைன்னா, ஊத்தினது காருக்குச் சொந்தக்காரரான நீங்கதான் சார்."

ஸ்ரீஸ்கந்தராஜாவின் முகம் கறுத்தது.

"ஏன்னும் சொல்றேன். பம்ப் ஓடி அமுக்கம் ஏறினா குப்பியில அளவு இறங்கும். அது இயல்பு. நீங்க எட்டிப் பார்த்து, பையன் குறைவா ஊத்தி ஏமாத்திட்டான்னு நினைச்சீங்க. கைக்குக் கிடைச்ச ஸ்டியரிங் எண்ணெயை ஊத்தி நிரப்பினீங்க. தெரியாம ஊத்தினது தப்பில்லை. விபத்துக்கு அப்புறம் விஷயம் புரிஞ்சும், அவர் மேல எழுதிக் குடுத்தீங்க பாருங்க, அதுக்கு என்ன பேர்?"

நியாயமான மனிதன் என்றால் அந்த இடத்தில் தலை குனிந்திருப்பான். இவர் போட்டிருந்த கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "சரி, நடந்தது நடந்து போச்சு. இதோடை விடுங்கோ."

"அப்ப முறைப்பாடு?" என்றாள் கமலநாயகி.

"எழுதினதைத் திருப்பி எடுக்கேலாது. நாலு பேருக்கு முன்னாலை என்ரை மரியாதை என்னாகிறது?"

"ஒரு பிள்ளையின்ரை உயிரை விட உங்கடை மரியாதை பெரிசோ? உங்களுக்கு வெக்கமில்லையோ?"

"ஆர் போய்ச் சொல்லப் போறியள்? இவ அண்டைக்குக் காருக்குள்ளை இருந்தவவோ?" சியாமளாவைக் கையால் காட்டினார். "இருந்தது நானும் என்ரை மனிசியும். அவவுக்கு டொச் தெரியாது."

பாலாம்பிகை படியிலிருந்து எழுந்தாள்.

"தம்பி காற்றெடுத்துப் போனாப் பிறகு, செவ்வாய்க்கிழமை நீங்கள் பொனற்றைத் திறந்து சிவப்பு ஒயில் ஊத்தினதை நான் யன்னலாலை கண்டனான். பிறேக்குக்கு எண்டு எனக்குத் தெரியாது. அதுதான் பேசாமல் இருந்தனான்." அவள் வாசலைப் பார்த்தாள். "வாரும் தம்பி, பொலிசுக்குப் போவம்."

"அங்கை போய் ஊமையர் மாதிரி நிக்கப் போறீரோ?"

பாலாம்பிகை திரும்பி நின்று, தான் கண்டதையெல்லாம் ஒரு சொல் தடுமாறாமல் டொச்சில் சொன்னாள். சியாமளாவே அப்படிப் பேச மாட்டாள்.

"நாலு வருசமா ஆஸ்பத்திரிச் சலவை வேலையிலை நான் ஆரோடை கதைச்சனான் எண்டு நினைச்சியள்?" என்று கணவனைக் கேட்டுவிட்டு, அவள் விமலநாதனோடு தெருவில் இறங்கினாள்.